ஓசையற்ற தாளத்தட்டு: பழைய சிம்பலை மின்னணு வாத்தியமாக மாற்றும் செய்முறைப் பாடம்

பள்ளி வாத்தியக் குழுக்களிலும் மெல்லிசைக் குழுக்களிலும் பயன்பட்டு வரும் சிம்பல் என்னும் பெரிய உலோகத் தாளத்தட்டு, பல ஆண்டுகள் அடிபட்டபின் விளிம்பில் வெடிப்புக் கண்டுவிடுவது வழக்கம். வெடித்த தட்டிலிருந்து தெளிவான நாதம் எழாது. எனவே அது சாமான் அறையின் மூலைக்குப் போய்ச் சேருகிறது. அதே பள்ளியில், தாளம் பழக ஆவல் கொண்ட மாணவன் ஒருவன் பழகுவதற்கு இடமின்றித் திரிவதையும் காண்கிறோம். வகுப்பு நடக்கும் வேளையில் பழகினால் பாடம் கெடுகிறது. வீட்டில் பழகினால் அண்டை வீட்டார் மனம் கசக்கிறது. இவ்விரு குறைகளையும் ஒருங்கே போக்கக்கூடிய எளிய செய்முறை ஒன்று உண்டு. அதனை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

செய்து பாராத செய்முறையை மொழிபெயர்த்துத் தருவது முறையாகாது என்று கருதி, இதனை எழுதுபவர் தம் வீட்டிலேயே பித்தளைத் தட்டு ஒன்றை வைத்துச் செய்து பார்த்தார். அப்போது நேர்ந்த பிழைகளும் உரிய இடங்களில் சொல்லப்பட்டுள்ளன. அவற்றை மற்றவர் மீண்டும் செய்ய வேண்டியதில்லை.

ஓசையின் அளவு

முதலில் இம்முயற்சி ஏன் வேண்டும் என்பதைப் பார்ப்போம். குச்சியால் பலமாக அடிக்கப்படும் தாளத்தட்டின் அருகில் ஓசை 100 டெசிபெல்லையும் எளிதில் தாண்டிவிடும். தொழிலிடங்களில் செவியைக் காப்பதற்காக அமெரிக்க நாட்டின் தொழில்நல ஆய்வு நிறுவனம் 1998 இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, 85 டெசிபெல் ஓசையை நாளொன்றுக்கு 8 மணி நேரம் கேட்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் கேட்கத்தக்க நேரம் பாதியாகக் குறைகிறது. 88 டெசிபெல்லுக்கு 4 மணி. 91க்கு 2 மணி. 94க்கு 1 மணி. 97க்கு 30 நிமிடம். 100க்கு 15 நிமிடம். சிறிய அறையொன்றில் நாள்தோறும் ஒரு மணி நேரம் பழகும் சிறுவனின் செவிக்கு என்ன நேரும் என்பதை இக்கணக்கு உணர்த்தும். அதிக ஓசையால் அழிந்த உட்செவி உணர்மயிர்கள் மனிதருக்கு மீண்டும் வளர்வதில்லை.

சுற்றுப்புறத்தைப் பற்றியும் எண்ண வேண்டும். நம் நாட்டில் 2000ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல்லும் இரவில் 45 டெசிபெல்லும் அளவாகக் குறித்துள்ளன. அமைதிப் பகுதிக்கு இவை முறையே 50, 40 டெசிபெல் ஆகும். இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. திறந்த சன்னலருகே அடிக்கப்படும் தாளத்தட்டு இவ்வரம்புகளை எளிதில் மீறிவிடும்.

தத்துவம்

இங்குப் பயன்படும் இயற்கைத் தத்துவம் அழுத்த மின்விளைவு எனப்படும். 1880 இல் பிரெஞ்சு நாட்டுச் சகோதரர்களாகிய ழாக் கியூரியும் பியர் கியூரியும் இதனைக் கண்டறிந்தனர். குவார்ட்ஸ், டூர்மலின் போன்ற படிகங்களை அழுத்தும்போது அவற்றின் முகங்களில் மின்னூட்டம் தோன்றுவதை அவர்கள் கண்டனர். இதன் மறுதலையும் உண்மை: அப்படிகத்திற்கு மின்னழுத்தம் கொடுத்தால் அது சிறிதளவு உருமாறும். கணிதத்தின் வழியே இம்மறுதலையை 1881 இல் முன்னறிவித்தவர் லிப்மன் ஆவார். கியூரி சகோதரர்கள் அதனைச் சோதனையால் மெய்ப்பித்தனர். பின்னாளில் 1940களில் பேரியம் டைட்டனேட்டு என்ற பீங்கானும், 1950களில் காரீயம், ஸிர்கோனியம், டைட்டேனியம் ஆகியவை கலந்த பீங்கானும் இப்பண்பை மிகுதியாக உடையன என்று தெரியவந்தது. இன்று கடைகளில் கிடைக்கும் பீசோ வட்டுகளில் பெரும்பாலும் இருப்பது பின்னர்ச் சொன்ன பீங்கானே.

இவ்விளைவை வீடுதோறும் காணலாம். சமையலறையில் எரிவாயு அடுப்பைப் பற்றவைக்கும் லைட்டரின் பொத்தானை அமுக்கினால், உள்ளிருக்கும் சிறு சுத்தி ஒன்று பீசோப் பீங்கானைத் தாக்குகிறது. அதனால் எழும் பல ஆயிரம் வோல்ட் அழுத்தமே பொறியாகத் தெறிக்கிறது. பேட்டரி இல்லாமலே பொறி எழுவதன் இரகசியம் இதுதான். தாளத்தட்டில் நாம் செய்யப்போவதும் இதுவே. சுத்திக்குப் பதில் குச்சி. பொறிக்குப் பதில் ஒரு சிறு மின்துடிப்பு.

அளப்பது அடியை, ஓசையை அன்று

இவ்விடத்தில் மாணவர் பலர் ஓர் ஐயத்தை எழுப்புவர்: தாளத்தட்டின் ஓசையை ஒலிவாங்கி கொண்டு பிடித்தால் போதாதா? போதாது. ஒலிவாங்கி காற்றில் வரும் அனைத்தையும் கேட்கும். பக்கத்து முரசின் ஒலியும் அதில் சேரும். பீசோ வட்டோ தான் ஒட்டப்பட்ட உலோகத்தின் அதிர்வையே பெரும்பாலும் உணரும்.

மேலும், தாளத்தட்டின் அதிர்வு மிகவும் சிக்கலானது. தட்டின்மேல் மணல் தூவி வில்லால் இழுத்தால் மணல் சில கோடுகளில் மட்டும் திரண்டு நிற்பதை ஜெர்மானிய அறிஞர் கிளாட்னி 1787 இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அக்கோடுகள் அதிராத இடங்கள். தாளத்தட்டில் இவ்வகை அதிர்வு முறைகள் மிகப் பல. அவற்றின் அதிர்வெண்கள் ஒன்றுக்கொன்று முழு எண் விகிதத்தில் அமைவதில்லை. எனவேதான் அதில் குறிப்பிட்ட சுருதி கேட்பதில்லை. மிருதங்கம், தபலா ஆகியவற்றின் கரணை இட்ட தோல் இதற்கு நேர்மாறானது. அதன் மேற்சுரங்கள் முழு எண் விகிதத்தில் அமைவதைச் சர் சி. வி. இராமன் 1920 இலும் 1934 இலும் வெளியிட்ட ஆய்வுகளில் எடுத்துக்காட்டினார்.

நம் கருவிக்கோ சுருதியைப் பற்றிய கவலை இல்லை. எப்போது அடி விழுந்தது, எவ்வளவு பலமாக விழுந்தது என்ற இரண்டே செய்திகள் போதும். கேட்கவேண்டிய ஓசையை முன்னரே பதிவு செய்து வைத்துள்ள கணினியோ மின்னணுப் பெட்டியோ எழுப்பும். ஆகவே தட்டு எவ்வளவு ஊமையாக இருக்கிறதோ அவ்வளவுக்கு நமக்கு நல்லது. வெடித்த தட்டு இதற்குப் பயன்படுவதன் காரணமும் இதுவே.

தட்டைத் தேர்ந்தெடுத்தல்

சிறந்த தாளத்தட்டுகள் 80 பங்கு செம்பும் 20 பங்கு வெள்ளீயமும் கலந்த வெண்கலத்தால் ஆனவை. இடைத்தரமானவை 92க்கு 8 என்ற விகிதத்தில் அமைந்தவை. மலிவானவை செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளையால் ஆனவை. கையால் அடித்துச் செய்த நல்ல வெண்கலத் தட்டு முழுமையாக இருக்குமானால் அதனைத் தொடவேண்டாம். அது வாத்தியமாகவே வாழட்டும். வெடித்த தட்டோ மலிவான பித்தளைத் தட்டோ நமக்குப் போதும். 35 முதல் 40 சென்டிமீட்டர் வரை குறுக்களவு உள்ள தட்டு வசதியானது.

விளிம்பில் வெடிப்பு இருப்பின், அது மேலும் ஓடாதவாறு வெடிப்பின் நுனியில் 3 மி.மீ. துளை ஒன்று இடவேண்டும். கூரிய நுனியில் குவியும் விசை, துளையின் வட்டமான விளிம்பில் பரவிவிடுவதால் வெடிப்பு வளர்வது தடைப்படும். துளையிடும்போது தட்டை மரப்பலகைமீது இடுக்கியால் இறுகப் பிணைத்துக்கொள்க. கையால் பிடித்துத் துளையிட்டால் தட்டு துளைமுனையில் சிக்கிச் சுழன்று கையை வெட்டிவிடும். கண்ணாடி அணிவதும், பிசிறுகளை அரத்தால் தேய்ப்பதும் அவசியம்.

வேண்டிய பொருள்கள்

1. கம்பி இணைத்த பீசோ வட்டு, 27 அல்லது 35 மி.மீ. குறுக்களவு: 1.
2. 1 மெகா ஓம் மின்தடை: 1, 1 கிலோ ஓம் மின்தடை: 1.
3. 5.1 வோல்ட் ஸீனர் டயோடு: 1.
4. 6.35 மி.மீ. ஸ்டீரியோ ஜாக்: 1, அதற்கேற்ற கவசக் கம்பி, இரு முனைகளிலும் பிளக்குடன்.
5. 2 மி.மீ. தடிப்புள்ள ரப்பர்த் தாள், தட்டின் மேற்பரப்பை மூடும் அளவு.
6. ஒட்டும் செம்புப் பட்டை, மெல்லிய நுரைப் பட்டை, இருபுறம் ஒட்டும் நாடா, ரப்பர்ப் பசை.
7. 5 வோல்ட்டில் இயங்குவதும் கணினியுடன் மிடி முறையில் பேச வல்லதுமான நுண்கட்டுப்பாட்டுப் பலகை. லியோனார்டோ வகை ஆர்டுயினோ ஏற்றது.

மின்னணு முரசுப் பெட்டி ஏற்கனவே இருக்குமாயின் இரண்டாவது, மூன்றாவது, ஏழாவது பொருள்கள் வேண்டா. ஜாக்கை நேரே அப்பெட்டியில் இணைக்கலாம்.

செய்முறை

முதற் படி: ஊமையாக்கல். தட்டின் மேற்பரப்பைச் சோப்பு நீரால் கழுவி எண்ணெய்ப் பசை நீக்கி உலர்த்துக. ரப்பர்த் தாளை வட்டமாக வெட்டி, நடுக்குமிழுக்கு இடம் விட்டுப் பசையால் ஒட்டி, பளு ஏற்றி ஓர் இரவு வைத்திடுக. குமிழுக்குத் தனித் துண்டு ஒட்டலாம். ரப்பர் இரு வேலைகளைச் செய்கிறது: குச்சியின் ஓசையை அடக்குகிறது, பல விநாடிகள் நீளும் உலோகத்தின் அதிர்வை விரைவில் ஒடுக்குகிறது.

இரண்டாம் படி: பீசோ வட்டைப் பொருத்தல். தட்டின் அடிப்பக்கத்தில், நடுக்குமிழுக்குச் சற்று வெளியே, வட்டின் பித்தளைப் பக்கம் உலோகத்தை நோக்குமாறு இருபுற நாடாவால் ஒட்டுக. குச்சி விழும் இடத்திற்கு நேர் கீழே ஒட்டலாகாது. ஒட்டினால் அவ்விடத்தில் மட்டும் அடி மிகப் பலமாகப் பதிவாகும். வட்டின்மேல் நுரைத் துண்டு ஒன்றை ஒட்டிப் பாதுகாக்க. கம்பிகளை இழுவை நேராதபடி தட்டோடு ஒட்டிவிடுக.

கம்பி இணைக்காத வட்டை வாங்கி இதனை எழுதுபவர் ஒரு தவறு செய்தார். பீங்கானின் வெள்ளிப் பூச்சின்மீது சூடான இரும்பை அரை நிமிடம் வைத்திருந்ததால் பூச்சு உரிந்து வட்டு பயனற்றுப் போயிற்று. இரும்பு இரண்டு விநாடிக்கு மேல் பீங்கானைத் தொடலாகாது. கம்பி இணைத்த வட்டையே வாங்குவது நலம்.

மூன்றாம் படி: விளிம்புச் சாவி. தாளத்தட்டின் நடுவில் அடித்தால் ஓர் ஓசையும் விளிம்பில் அடித்தால் வேறோர் ஓசையும் எழுவது இயல்பு. இதனைப் பிரித்தறிய, வாசிப்பவர் பக்கமுள்ள விளிம்பில் மூன்றில் ஒரு பங்கு நீளத்திற்குச் சாவி ஒன்று அமைக்கவேண்டும். தட்டு உலோகமாதலின் முதலில் காப்பு நாடா ஒட்டுக. அதன்மேல் ஒரு செம்புப் பட்டை. பட்டையின் இரு ஓரங்களிலும் மெல்லிய நுரைக் கீற்றுகள். அவற்றின்மேல், செம்பு முகம் கீழ்நோக்க, இரண்டாம் பட்டை. எல்லாவற்றையும் மூடி ரப்பர் உறை. அழுத்தம் இல்லாதபோது பட்டைகள் தொடா. அடி விழுந்தாலோ விரலால் பிடித்தாலோ தொடும்.

நான்காம் படி: மின் இணைப்பு. பீசோவின் பீங்கான் கம்பியை ஜாக்கின் நுனி முனையிலும், ஒரு செம்புப் பட்டையின் கம்பியை வளைய முனையிலும், பீசோவின் பித்தளைக் கம்பியையும் மற்றொரு பட்டையின் கம்பியையும் சேர்த்து உறை முனையிலும் இணைக்க. உறை முனையே பொதுத் தரை. தட்டு தண்டில் தானே சுழன்று கம்பியை முறுக்காதவாறும், சாவி எப்போதும் வாசிப்பவரை நோக்குமாறும் தண்டில் ஒரு தடை அமைக்கவேண்டும்.

ஐந்தாம் படி: காப்புச் சுற்று. பலமான அடியில் பீசோ வட்டு பல பத்து வோல்ட் எழுப்பக்கூடும். பலகை தாங்குவதோ 5 வோல்ட். எனவே நுனிக்கும் தரைக்கும் இடையில் 1 மெகா ஓம் மின்தடையையும், அதற்கு இணையாக ஸீனர் டயோடையும் இடுக. டயோடின் கோடிட்ட முனை நுனிப் பக்கம் இருக்கவேண்டும். பின்னர் நுனியிலிருந்து 1 கிலோ ஓம் வழியாகப் பலகையின் அளவீட்டு முனைக்குச் செல்க. வளையத்தைப் பலகையின் இலக்க முனை ஒன்றுடன் இணைத்து, உள் மேலிழு மின்தடையை இயக்கிவிடுக; சாவி மூடும்போது அம்முனை தாழ்நிலை அடையும்.

பெரிய மின்தடை எதற்கு? வட்டில் தங்கும் மின்னூட்டம் வடிவதற்கு. 27 மி.மீ. வட்டின் மின்தேக்குதிறன் ஏறத்தாழ 20 நானோஃபாரட். இதனை 1 மெகா ஓமால் பெருக்கினால் 0.02 விநாடி. ஆக, ஓர் அடியின் மின்னூட்டம் அடுத்த அடிக்குள் பெரும்பகுதி வடிந்துவிடும். இத்தடையை மறந்து இணைத்தபோது, எவரும் தொடாமலே தட்டு தானாக ஒலித்துக்கொண்டிருந்தது. பிழையைக் கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுது சென்றது.

பலகைக்கு இடும் கட்டளை

நிரலை எம்மொழியில் எழுதினும் அதன் நடை ஒன்றே. பலகை அளவீட்டு முனையை விநாடிக்கு ஏறத்தாழ 10,000 முறை படிக்கும். ஒவ்வோர் அளவும் 0 முதல் 1023 வரை அமையும்.

(அ) அளவு 30ஐத் தாண்டும்வரை காத்திரு. இதுவே வாயில் அளவு. நடையின் அதிர்வும் தரையின் அதிர்வும் இதற்குள் அடங்கிவிடும்.
(ஆ) தாண்டியபின் 3 மில்லி விநாடி தொடர்ந்து படித்து, மிகப் பெரிய அளவை நினைவில் கொள். அதே வேளையில் சாவி மூடியதா என்றும் பார்.
(இ) பெரிய அளவை 8 ஆல் வகு. 1023 என்பது 127 ஆகும். 400 என்பது 50 ஆகும். மிடி முறையில் அடியின் பலம் 1 முதல் 127 வரை குறிக்கப்படுவதால் இவ்வகுத்தல்.
(ஈ) சாவி திறந்திருந்தால் 51 என்ற சுர எண்ணையும், மூடியிருந்தால் 49 என்ற எண்ணையும் அனுப்பு. பொது மிடி முறையில் முரசுகளுக்கு ஒதுக்கப்பட்ட 10ஆம் வழியில் இவை முறையே தாளம் ஓட்டும் தட்டையும் வெடித்தொலிக்கும் தட்டையும் குறிக்கும்.
(உ) அடுத்த 40 மில்லி விநாடி எதையும் பொருட்படுத்தாதே. எஞ்சிய அதிர்வு இரண்டாம் அடியாக எண்ணப்படாமலிருக்கவே இம்மறைப்பு நேரம்.
(ஊ) அடியின்றிச் சாவி மூடியே இருந்தால், வாசிப்பவர் விளிம்பைப் பிடித்து ஓசையை நிறுத்துகிறார் என்று பொருள். ஒலியை அடக்கும் செய்தியை அனுப்பு.

மறைப்பு நேரம் 40 என்று ஏன் கொண்டோம்? தேர்ந்த வாத்தியக்காரர் இரு கைகளாலும் விநாடிக்கு 20 அடி உருட்டுவதாகக் கொண்டால், அடிகளின் இடைவெளி 50 மில்லி விநாடி. மறைப்பு அதனினும் குறைவாக இருந்தால்தான் ஓர் அடியும் விடுபடாது. ரப்பர் போதாமல் அதிர்வு நீண்டால் இந்நேரத்தைக் கூட்ட நேரிடும். கூட்டினால் விரைவான அடிகள் தொலையும். ஆதலால் முதற்படியை நன்கு செய்தவர்க்கே கடைசிப் படி எளிதாகும்.

தாமதத்தைப் பற்றிய கணக்கும் மாணவர்க்குப் பயன்படும். 1983 இல் வகுக்கப்பட்ட மிடி முறையின் தனிக்கம்பியில் விநாடிக்கு 31,250 இலக்கங்கள் செல்லும். ஓர் அடியின் செய்திக்கு 30 இலக்கங்கள் வேண்டும். ஆகவே அது செல்ல ஒரு மில்லி விநாடியினும் சற்றுக் குறைவான நேரமே பிடிக்கும். மொத்தத் தாமதம் 10 மில்லி விநாடி என்று கொண்டாலும், அந்நேரத்தில் ஒலி காற்றில் கடக்கும் தொலைவு ஏறத்தாழ 3.4 மீட்டர்தான். மேடையின் மறுகோடியில் நிற்கும் தோழரின் தாளம் நம்மை வந்தடையும் தாமதமும் அவ்வளவே.

எச்சரிக்கைகள்

பீசோப் பீங்கானில் காரீயம் உள்ளது. அதனை உடைத்தல், தேய்த்தல், எரித்தல் கூடா. உடைந்த வட்டைச் சிறுவர் கையில் கொடுக்காமல் மின்னணுக் கழிவோடு சேர்க்க. ஈயப் பற்று வைத்தபின் கை கழுவாமல் உணவைத் தொடலாகாது. பலகைக்குக் கணினியிலிருந்து வரும் 5 வோல்ட்டே போதும்; வீட்டு மின்னிணைப்பை இச்செய்முறையில் எவ்விடத்தும் தொடவேண்டியதில்லை.

தட்டு ஊமையானாலும் செவிக்கு ஆபத்து முற்றும் நீங்கிவிடாது. ஹெட்போனின் ஒலியை மிகைப்படுத்திக் கேட்டால், வெளியே போகவேண்டிய ஓசை செவிக்குள்ளேயே புகும். பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கும் அளவிலேயே ஒலியை வைத்துப் பழகவேண்டும். மாடிவீட்டில் பழகுவோர் தண்டின்கீழ் தடித்த விரிப்பு இடுக. இல்லையேல் அடியின் அதிர்வு தரை வழியே கீழ் வீட்டிற்குச் செல்லும்.

இக்கருவியின் எல்லையையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தூரிகையால் வருடுவது, மெல்ல உருட்டி ஓசையை அலைபோல் எழுப்புவது முதலிய நுண்மைகள் இதில் முழுமையாக வாரா. இது பயிற்சிக்கு உற்ற துணை. மேடைத் தட்டிற்கு மாற்று அன்று.

வகுப்பில் நடத்தும் முறை

இரண்டு பாடவேளைகள் ஒதுக்குக. முதல் வேளையில், லைட்டரைக் காட்டித் தத்துவத்தை விளக்கி, பின்னர்ப் பீசோ வட்டின் இரு கம்பிகளையும் சிவப்பு ஒளியுமிழ் டயோடு ஒன்றுடன் இணைத்து, அறையை இருட்டாக்கி, வட்டை மேசைமேல் வைத்து ரப்பர் அழிப்பானால் தட்டிக் காட்டுக. பேட்டரியின்றி ஒளி மினுக்கிடக் காணும் மாணவன் இப்பாடத்தை எளிதில் மறவான். இரண்டாம் வேளையில், ரப்பர் ஒட்டாத தட்டில் வட்டைப் பொருத்தி அளவுகளைக் கணினித் திரையில் வரைபடமாகக் காட்டுக. பின் கையை வைத்துத் தட்டை அடக்கி மீண்டும் காட்டுக. ஒடுக்கம் என்றால் என்ன என்பதை எந்தச் சொல்லும் இவ்வளவு தெளிவாக விளக்காது.

பயிற்சி வினாக்கள்

1. மறைப்பு நேரத்தை 100 மில்லி விநாடியாக வைத்தால், விநாடிக்கு அதிகபட்சம் எத்தனை அடிகள் பதிவாகும்?
2. 97 டெசிபெல் ஓசையில் நாளொன்றுக்கு எத்தனை நிமிடம் பழகலாம்? 103 டெசிபெல்லுக்கு அக்கணக்கை நீட்டுக.
3. மின்தடையை 1 மெகா ஓமிலிருந்து 100 கிலோ ஓமாகக் குறைத்தால், மின்னூட்டம் வடியும் நேரம் எவ்வாறு மாறும்?
4. விளிம்புச் சாவியின் கீழ்ப் பட்டையைக் காப்பின்றித் தட்டின்மேல் நேரே ஒட்டினால் என்ன தீங்கு நேரும்?

சாமான் அறையில் கிடக்கும் வெடித்த தட்டு ஒன்றை இவ்வாரமே எடுத்துத் துடைத்து வைக்குமாறு ஆசிரியர்களையும் களப் பணியாளர்களையும் கேட்டுக்கொள்கிறோம். அது ஒரே சமயத்தில் பௌதிகப் பாடமும் ஆகும்; பழக இடமின்றி நிற்கும் ஒரு மாணவனுக்குப் பழகும் இடமும் ஆகும்.